டெல்லாவுக்கு ஒப்பவில்லை

“எனக்கு ஒப்பலை” என்று டெல்லா எழுந்து சொன்னதும் சபைக்கூட்டமே முடங்கிப்போனது.

அமெரிக்காவின் இண்டியானாவில், மௌனமாகவே வழிபடும் எங்கள் குவேக்கர் கிறிஸ்தவ சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரே ஒருவர் மனசாட்சிப்படி மறுத்தாலும் காரியம் அங்கேயே நின்றுவிடும். அன்று நின்றது டெல்லாவின் மகள் பெத்தனியின் ஆசை. கல்யாணத்தில் மாப்பிள்ளை கிதார் வாசித்துப் பாடவேண்டும்.

“இங்கே முடியாதுன்னா டூசான்ல அவர் வீட்டுத் தோட்டத்துல பண்ணிக்கறோம். நீ பிளேன் பிடிச்சு விருந்தாளியா வந்துட்டுப் போ!” என்றாள் பெத்தனி.

கூட்டத்தை நடத்தும் ஆர்லோ மெதுவாகக் கேட்டார். “ஏன்னு சொல்லுங்களேன் டெல்லா.”

“நம்ம சபையில கல்யாணம் மௌனத்துல நடக்கணும். பாட்டு வந்தா அது கச்சேரி.”

பக்கத்தில் அவள் கணவர் வெண்டல் தொண்டையைச் செருமினார். “அது... நான் சொன்னது.”

“எது?”

“கச்சேரிங்கறது. நம்ம கல்யாணத்தப்போ. நீ பாட்டுப் பாடியே கும்பிடற பாப்டிஸ்ட் வீட்டுப் பொண்ணு, கோயில்ல முன்வரிசைப் பாடகி. உங்க ஆளுங்க பாட ஆரம்பிச்சா நான் எங்கே போய் ஒளியறது? எனக்குக் கழுதைக் குரல். அதான் அப்படி ஒரு போடு போட்டேன்.”

யாரோ சிரித்துவிட்டார்கள்.

“அப்போ உனக்கு அதுல நம்பிக்கையே இல்லையா?” என்றாள் டெல்லா.

“அன்னிக்கு இல்லை. நீ அதையே சொல்லிச் சொல்லி, இப்போ எனக்கும் ஒப்பலை.”

பெத்தனி தலையில் கைவைத்துக்கொண்டாள். “யார்கிட்டேருந்து யாருக்கு ஒட்டிச்சு? முதல்ல அதை முடிவு பண்ணுங்க!”

ஆர்லோ கையுயர்த்தினார். வழக்கப்படி எல்லோரும் கண்மூடி மௌனமானார்கள்.

டெல்லா உள்ளே தேடினாள். வெண்டல் போட்டது போகட்டும் என்று தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. சதையோடு சதையாக இருந்தது. அதற்கும் அடியில் பழைய பாட்டு இருக்குமோ? அதுவும் அவளுடையதா என்ன? அம்மா ஊட்டியதுதானே. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் யார்?

“டெல்லா?” என்றார் ஆர்லோ.

“எனக்கு இன்னமும் ஒப்பலை. ஆனா அது யாரோட மறுப்புன்னே தெரியாம, பெத்த பொண்ணை டூசானுக்கு அனுப்ப மாட்டேன். நான் தடுக்கலை, ஒப்பாமலே விலகி நிக்கறேன்னு சபைக் குறிப்புல எழுதிக்கோங்க.”

பெத்தனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “மனசாரச் சொல்றியாம்மா?”

“தெரியலைடி. சொல்லிட்டேன்.”

வெண்டல் தயங்கி எழுந்தார். “அப்போ என்னோட மறுப்பு?”

டெல்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“அதுவும் என்னோடதுதான். சேர்த்தே எழுதிக்கோங்க ஆர்லோ.”