அவளுடையது அல்லாத வாக்கியம்

நினைவுக் கூட்டம் நடக்கவிருந்த மண்டபத்தில், அச்சகத்திலிருந்து வந்த அட்டைக்கட்டைத் தம்பி பிரித்தான். அக்காவின் சிரித்த முகம். அதற்குக் கீழே, அவள் பெயரோடு அந்த வாக்கியம்: 'வெள்ளம் வழி தவறி வருவதில்லை, நாம் மறந்த வழியில் வருகிறது.'

அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

சாவதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் அவள் பேசியது இந்த வாக்கியத்தைப் பற்றித்தான். வெள்ளம் பற்றிய அவளுடைய கடைசிக் கட்டுரையில் வருவது அது. அச்சுக்குப் போகுமுன் திருத்தம் உண்டா என்று ஆய்விதழ் கேட்டிருந்தது.

"அந்த வாக்கியம் என்னோடது இல்லடா. எப்பவோ படிச்சது, உள்ள ஊறிப்போய் என்னோடது மாதிரியே வந்துடுச்சு."

"யாரோடதுக்கா?"

"அதான் ஞாபகம் வரல. தேடியும் பாத்துட்டேன். எடுத்துடச் சொல்லி அனுப்பிடு. எனக்கு டைப் அடிக்க முடியல."

"காப்பியான்னு பாக்கற சாஃப்ட்வேர் ஒண்ணும் சொல்லலையே?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே." மூச்சு வாங்கியது அவளுக்கு. "மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத. அது இல்லாமலும் கட்டுரை நிக்கும்."

அவன் அனுப்பவில்லை. விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். கட்டுரையை முன்பே படித்திருந்த, அவளோடு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த துறைக்காரர்கள் துக்கம் கேட்க வந்து வந்து அந்த வாக்கியத்தையே சொல்லி மாய்ந்தார்கள். அதையும் எடுத்துவிட்டால் அவளைப் பற்றி இவர்களுக்கு என்னதான் ஞாபகம் இருக்கும்? ஆனால் இன்று மாலைக்குள் பதில் போகாவிட்டால் அது அவள் பெயரிலேயே அச்சாகிவிடும்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அம்மா.

சொன்னான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்கூல் வீட்டுக்கணக்குல, அப்பா சொல்லிக் குடுத்ததுக்குப் பக்கத்துல 'இது அப்பா போட்டது'ன்னு எழுதி வெப்பா. டீச்சர் வரச்சொல்லித் திட்டினது உங்கப்பாவத்தான். அந்தப் புள்ளைக்கு இப்ப இரவல் நகை போட்டு அனுப்பப் போறியா?"

அவன் போனை எடுத்தான். வாக்கியத்தை நீக்கச் சொல்லி எழுதி, இன்னொரு தடவை படித்து, அனுப்பினான். பிறகு மேடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த துறைத்தலைவரின் குறுக்கே போய் நின்றான்.

"சார், அட்டையில இருக்கறதப் படிக்காதீங்க. அது அக்காவோடது இல்ல. அவங்களே எடுத்துடச் சொல்லிட்டாங்க."

"என்னப்பா இது, கடைசி நேரத்துல? நான் வேற எதைத்தான் படிக்கறது?"

அவன் கட்டுரையைத் திறந்து போனை நீட்டினான். "அவங்க எழுதினதப் படிங்க சார்."

துறைத்தலைவர் கட்டுரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மேடையேறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

"'மூன்றாவது கிணற்றின் நீர்மட்ட அளவுகளை இங்கே சேர்க்கவில்லை. அளவுக்கயிற்றின் முடிச்சு நழுவியிருந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். கிணற்றின் மேல் குற்றமில்லை.'"

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். துறைத்தலைவர் நிறுத்தவில்லை, நான்காவது கிணற்றுக்குப் போனார்.

"இது அவதான்" என்றாள் அம்மா. இன்னும் நன்றாகக் கேட்பதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.