தனியாகத் துவைத்த சட்டை

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எங்களைப் பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் உடம்பு போகப் போக என்ன ஆகிறது என்று பார்க்கிறார்களாம். என் வீட்டுக்காரர் மருந்து அடிக்கிறவர். நான் அடிக்காதவள். அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிற ஒருத்தி வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் அதைத்தானே செய்கிறார்கள், இதில் என்ன புதுசு என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

வருஷா வருஷம் கூட்டுறவுக் கட்டிடத்தின் மாடி அறையில் பரிசோதனை நடக்கும். ரத்தம் எடுப்பார்கள், குழாயில் ஊதச் சொல்வார்கள், கடைசியில் ஒரு பலகையை முன்னால் வைப்பார்கள். பலகை முழுக்கத் துளை. கிண்ணத்தில் சின்னச் சின்ன ஆணி. ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் செருக வேண்டும், நர்ஸ் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நான் தையல்காரி. சட்டைக்குக் காஜா எடுக்கிற கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் தோற்பார். தோற்றுவிட்டு, "ஊசி இவளுக்குக் கூடப்பிறந்தது நர்சம்மா, நான் நடுவுல வந்தவன்" என்பார். அந்தப் பெண்ணும் இப்போதுதான் முதல்முறை கேட்கிற மாதிரி சிரிப்பாள். நல்ல பெண்.

இந்த வருஷம் படி ஏறும்போதே முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். கொஞ்ச காலமாகவே என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சும்மா மடியில் கிடக்கும்போதே கட்டைவிரல் தானாக நடுங்கும். நூல் கோக்க வரவில்லை என்றதும் கண்தான் மங்கிவிட்டது என்று கண்ணாடியை மாற்றினேன். கண்ணாடி பாவம், அது என்ன செய்யும்? துணி கொண்டு வருகிறவர்களிடம் மெஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் வீட்டில் இருந்தால் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வேன்.

ஏன் மறைத்தேன் என்றால், மருந்தால் கை நடுங்குகிற வியாதி வந்தால் தனக்குத்தான் வரும் என்று தினமும் தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். எனக்கு வந்துவிட்டது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் பரவாயில்லை, எதனால் வந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் அவர் தாங்க மாட்டார்.

முதல் வருஷமே நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "கையுறை போடுங்கண்ணா, மூக்கை மூடிக்கோங்க. மருந்தடிச்ச துணியை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, தனியா துவைக்கணும்." நாங்கள் அப்படியே செய்தோம். அவர் கொல்லையிலேயே சட்டையைக் கழற்றிப் போடுவார். நான் அதற்கென்று தனி வாளி வைத்தேன். பிள்ளைகள் துணியோடு ஒரு நாளும் கலந்ததில்லை. காலர், கைமடிப்பு எல்லாவற்றையும் வெறுங்கையால் கசக்கிக் கசக்கித் தனியாகத்தான் துவைத்தேன். கையுறை ஒரு ஜோடி ஆணியில் தொங்கும். அது அவருடையது. நான் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பலகையின் முன் நான்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆணி விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது. அகப்பட்டது துளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கீழே விழுந்து உருண்டு அவர் செருப்புப் பக்கத்தில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து என் கையில் வைத்தார். வைத்தவர் விரலை விடவில்லை. அவர் பிடிக்குள்ளேயே அது நடுங்கியது. ஊசி, கூடப்பிறந்தது என்று எதுவும் அவர் பேசவில்லை.

அடுத்து அவர் உட்கார்ந்தார். காலையில்தான் மருந்துத் தெளிப்பானின் மூக்கில் அடைத்திருந்த தூசியைக் குண்டூசி முனையால் எடுத்த மனுஷன். இங்கே ஆணியை நழுவ விடுகிறார், குழந்தை மாதிரி துளையைத் தேடுகிறார். நான் முடித்ததைவிட மெதுவாக முடித்தார். என் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

நர்ஸ் முகம் மாறிவிட்டது. "என்னண்ணா, போன தடவை இப்படி இல்லையே. நரம்பு டாக்டர் வர்றாரு, உங்களைத்தான் முதல்ல பார்க்கச் சொல்றேன்." என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கும் வேகம் குறைஞ்சிருக்கு. ஆனா அண்ணாவுக்கு நீங்க எவ்வளவோ தேவலை. வயசாகுதில்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? நாடகம் போடுற இடமா இது?"

"கத்தாதடி" என்றார் தரையைப் பார்த்தபடி. "நீ தோத்ததே இல்ல. உன் மூஞ்சியைப் பார்க்க முடியல எனக்கு."

"நீங்க தோத்தா என் கை சரியாயிடுமா?"

நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுதினதை அடிச்சிடும்மா" என்றேன். "அவருக்கு ஒண்ணும் இல்ல. வியாதி எனக்குத்தான்."

"நீங்க மருந்தே அடிக்கிறதில்லையேக்கா?"

"அடிக்கல. துவைச்சேன்."

வாயில் வந்துவிட்டது. இத்தனை நாள் எதற்குப் பயந்து கையை ஒளித்தேனோ, அதை நானே அவர் முன்னால் போட்டு உடைத்தேன். நர்ஸ் பேனாவை மூடினாள். "அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதுக்கா. இல்லன்னும் சொல்ல முடியல. நாங்க அதைக் கேக்கவே இல்லையே" என்றாள்.

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பரிசோதனைக்குப் போகிறோமே என்று நான் முந்தின நாள் வெளுக்க வெளுக்கத் துவைத்த சட்டை. "தனியா துவை, தனியா துவைன்னு நான்தானே சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். அப்புறம் அந்த அறையில், அந்தப் பெண்ணுக்கு முன்னால், வாய்விட்டு அழுதார்.

நானும் உட்கார்ந்து அழுதால் காரியம் கெட்டுவிடும். "அழுறதை வீட்ல போய் வச்சுக்கலாம். உட்காருங்க. ஒழுங்கா செய்யுங்க."

மறுபடி உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் செருகினார். ஒரு ஆணி தவறவில்லை. தடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நர்ஸ் கடிகாரத்தை நிறுத்தினாள்.

"பாருங்க, ஒருவழியா என்னை ஜெயிச்சிட்டீங்க" என்றேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன்.

அவர் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அழுத்தியும் அது நிற்கவில்லை.