ஒன்பதாவது கம்பி

...இன்னும் கொஞ்சம் வாட்டவேண்டும், கண்ணாடி கனிந்து கொடுக்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது, முந்தினால் படக்கென்று ஒடியும், பிந்தினால் குழைந்து உருண்டுபோகும்... முள்வாங்கியில் பிடித்த உடைந்த வளவித் துண்டை விளக்குச் சுடரில் காட்டியபடி சிகப்பி மூச்சை அடக்கிக்கொண்டாள். இதோ, வளைகிறது. இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு, முந்தின வளையத்துக்குள் இன்னொரு வளையம். "கோத்துருச்சு, கோத்துருச்சு!" என்று குதித்தாள் தேனம்மை. மூத்தார் மகள், எட்டு வயசு. அவள் தங்கை வள்ளி சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த துண்டை நீட்டினாள். அடி சமத்து, அழக்கூட நேரமில்லை உனக்கு. விடிந்தால் பொங்கல், தெரு பார்த்த சன்னலுக்கு ஒன்பது கம்பி, கம்பிக்கு ஒரு சரம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் குட்டிகள். இன்று காலையில் வளையல்காரர் வந்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பழசை உடைத்துப் புதுசு அடுக்கிவிட்டுப் போனார், அந்த உடைசலைத்தான் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இவள் அப்போது உள்ளறையில் கதவை ஒருக்களித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எத்தனை மெதுவாகத்தான் கலகலக்கும் புது வளவி, கதவு தடுக்குமா அதை?

எட்டுச் சரம் ஆயிற்று. துண்டு தீர்ந்துவிட்டது. ஒன்பதாவது கம்பி மொட்டையாக நின்றது, பார்க்கப் பார்க்க அதுதான் கண்ணில் பட்டது. "சின்னாத்தா, நீங்க எங்கிட்டாச்சும் வச்சிருப்பீக, தேடிப் பாருங்களேன்" என்றாள் தேனம்மை. குழந்தைக்கு என்ன தெரியும், இந்த வெள்ளைச் சீலைக்காரி கையில் வளவி கிடந்ததையே அது பார்த்ததில்லை. வச்சிருக்கிறேனா? வச்சிருக்கிறேன்தான்... பெட்டியின் அடியில், துருப்பிடித்த பிஸ்கோத்து டப்பாவில். ஐயோ, அதையா? நல்ல நாளில் சன்னலிலா? சரத்தைக் கோத்துத் தருவேன், கட்டுவது நீங்கள்தான், நான் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லித்தானே உட்கார்ந்தாள். குட்டிகளைப் பெற்ற ஓரகத்தி, உமையாள் ஆச்சி பார்த்தால்? அவளுக்குத் தெரியாத பச்சை வளவியா அது, அவள் கையால் உடைத்ததுதானே. புருஷன் போய்விட்டான் என்று பர்மாவிலே மோல்மேனிலிருந்து தந்தி வந்த அன்று, ஏழு வருஷம் ஆகிறது, அப்போது இவளுக்குப் பத்தொன்பது வயசு, "கையைக் குடுடி" என்று வறண்ட குரலில் சொல்லி, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து... அந்தப் பிடியை இவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து, மன்னிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் கழிந்து பெட்டியைத் திறந்தபோது சீலைக்கடியில் அந்த டப்பா இருந்தது, ஆட்டினால் கலகலத்தது, பெற்ற ஆத்தா வைத்திருப்பாள், வேறு யார் வைப்பார்கள் எனக்கு? திறக்கவில்லை. ஆத்தாவும் போய்ச் சேர்ந்தாள், யாரைக் கேட்பது?

வள்ளி மொட்டைக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போனாள், எடுத்தாள், மூடி அசைவேனா என்றது, பாக்குவெட்டி முனையால் நெம்பியதில் நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தது. பச்சை. அப்படியே பச்சை, ஏழு வருஷம் கழிந்தது அதற்கு மட்டும் தெரியாது. சுடரில் காட்டினாள், புகை ஏறிக் கறுத்தது... எல்லாத் துண்டும் கறுத்ததுபோலத்தான், தனியாக ஒன்றுமில்லை. வளைகிறதே! இதுவும் வளைகிறதே! ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி பச்சை. சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது, குட்டிகள் பார்த்துவிடுவார்களே என்று புகைமேல் பழியைப் போட்டாள்.

குழந்தைகள் ஒன்பதாவது சரத்தைக் கட்டி முடிப்பதற்கும் புது வளவி கலகலக்க உமையாள் ஆச்சி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள் சிகப்பி. போச்சு, இன்றைக்குப் போச்சு, பிய்த்து எறியப்போகிறாள், பிள்ளைகள் முன்னால் ஏதாவது சொல்லிவிட்டால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்... ஆச்சி ஒவ்வொரு சரமாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றாள். பச்சையை உள்ளங்கையில் ஏந்தினாள். "இது ஏதுடி?" "சின்னாத்தா டப்பாவுல இருந்துச்சு ஆத்தா!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின. ஆச்சி கட்டைவிரலால் அதை ஒருதடவை தடவினாள். பிறகு, "ஓரத்துல கட்டுனா தெருவுக்கு எப்படித் தெரியும்? அவுத்து நடுக்கம்பியில கட்டுங்கடி" என்றாள். திரும்பும்போது சிகப்பியின் விரலைப் பார்த்துவிட்டாள். "ரத்தத்தைப் பாரு. அந்த மூடி அன்னைக்கே இறுக்கம் சிகப்பி, எண்ணெய் தடவித் தொறந்திருக்கலாம்ல." அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

அன்னைக்கேயா? மூடியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லையே நான்... ஆத்தா ஊரிலிருந்து வண்டி கட்டி வந்தது மூன்றாம் நாள், அதற்குள் வீடு எத்தனை தடவை பெருக்கியாகியிருக்கும். அப்படியானால் அன்றைக்கே, அந்தக் கூட்டத்தில், இவள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதபோது, தரையில் குனிந்து பொறுக்கினது... உடைத்த கையா? ஏழு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே ஆச்சி, நானும் கேட்கவில்லையே. "சின்னாத்தா, எனக்கு எட்டலை, பிடிங்க" என்று வள்ளி பச்சைச் சரத்தின் நுனியை நீட்டினாள். அடுக்களையில் வளவிச் சத்தம் கேட்டது. சிகப்பி எழுந்துபோய், சரத்தை வாங்கி நடுக்கம்பியில் கட்டினாள்.