கோழிக் கொட்டகை மேல் வால் நட்சத்திரம்

தங்கசாமியைப் பற்றி அவருடைய மனைவி வசந்தாமணி யாரிடமும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பூமியைப் பாக்கத் துப்பில்லீங்க, வானத்தைப் பாக்கப் போயிட்டாரு."

அதில் பாதி அநியாயம். நாமக்கல்லுக்கு மேற்கே அவர் காட்டில் மஞ்சளும் பருத்தியும் மற்றவர்கள் காட்டைப் போலத்தான் விளைந்தன. ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய ஜப்பான் காமிராவை வாங்கி வந்த நாளிலிருந்து, சாயங்காலமானால் மனிதர் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். மூன்று கால் ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி நிலாவைப் பிடித்தார், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்தார். படத்தைக் கொண்டுபோய் டீக்கடையில் காட்டினால், "கொசு உக்காந்திருக்குதாட்ட இருக்குதுங்க" என்றார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே எரிந்தது.

எண்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் ஹாலி வால் நட்சத்திரம் வருகிறதென்று ரேடியோவில் விடாமல் சொன்னார்கள். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. இதை விட்டால் பேரனுக்குத்தான். "நான் புடிச்சுக் காட்டறனா இல்லையா பாருங்க" என்று அதே டீக்கடையில் வாய் விட்டுவிட்டார். அன்றைக்கே மேகம் போட்டது.

மார்கழி பிறந்தும் வானம் வெளுக்கவில்லை. பகலெல்லாம் மூட்டம், பொழுது சாய்ந்தால் தூறல். எப்போதாவது மேற்கே ஒரு துண்டு வானம் திறக்கும். அவர் காமிராவைத் திருப்புவதற்குள் மூடிக்கொள்ளும். திறந்த நேரத்தில் எடுத்ததும் உருப்படவில்லை. பிலிம் சுருளைக் கழுவிக் கொடுத்த சேலத்து ஸ்டுடியோக்காரர், "ஏங்க, மோர்ல முக்கி எடுத்தீங்களா?" என்று கேட்டார். எல்லாப் படத்திலும் ஒரே வெள்ளை. பக்கத்தில் எங்கோ பளிச்சென்று விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி வருகிறது என்றார்.

எங்கோ இல்லை. மேற்குப் பக்கம் கிணற்றைத் தாண்டினால் தங்கை பாவாயியின் கோழிக் கொட்டகை. பாவாயியை அத்தை மகன் சின்னண்ணன் என்பவனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவன் லாரியில் வடக்கே போனால் மாதக் கணக்கில் வரமாட்டான். அவள் கூடமாட வேலைக்குச் சாலம்மாளை வைத்துக்கொண்டு தனியாகக் கோழிப் பண்ணையை நடத்தினாள். முட்டைதான் அந்த வீட்டின் சோறு. கொட்டகையில் வரிசையாகப் பல்புகள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணி வரை எரியும்.

"கொஞ்ச நாளைக்கு அந்த லைட்டை நிறுத்தி வெய்யி சாமி" என்று தங்கசாமி கேட்டுப் பார்த்தார்.

"அதெப்படீங்கண்ணா முடியும்? மார்கழியில பகலு குட்டை. வெளிச்சம் கொறஞ்சா கோழி முட்டை உடறதை நிறுத்திப்போடும்."

கோழிக்கு என்ன மணி பார்க்கத் தெரியுமா என்று நினைத்தார். பட்டவர்த்தனமாகச் சொன்னால், தங்கை சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள இஷ்டமில்லை.

இரண்டு காட்டுக்கும் கிணறு பொது. பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாதல்லவா, முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். கிணற்று மேட்டு மோட்டார் ரூமும் பொது. இரண்டு வீட்டுக்கும் கொட்டகைக்கும் கரண்ட் அங்கிருந்துதான் போகிறது. மறுநாள் பொழுது சாய்ந்ததும் தங்கசாமி மோட்டார் ரூமுக்குள் போனார், பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். இரண்டு வீடும் கொட்டகையும் ஒரே இருட்டு. "கரண்ட் போயிருச்சாட்டருக்குது" என்று வசந்தாமணி விளக்கைத் தேடினாள். மழைக்காலத்தில் கரண்ட் போவது என்ன அதிசயமா? யாரும் எதுவும் கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுபோகும் என்பார்கள். இங்கே பூனை பியூஸையே பிடுங்கிவிட்டது.

ஒரு பத்து நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் மேகம் எப்போது விலகும் என்று யார் கண்டது? இப்போது விலகும், அப்போது விலகும் என்று உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கட்டையைத் திரும்பச் சொருகுவார். மறுநாளும் அதே கதை. மார்கழி முழுவதும் அப்படியே போயிற்று.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம் மேற்கு வானம் துடைத்துவிட்டாற்போலத் திறந்தது. தங்கசாமி காமிராவைத் திருப்பினார். கொட்டகைக் கூரைக்கு மேலே மங்கலாக, பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல அது நின்றது. படம் நன்றாக விழுந்துவிட்டது. டீக்கடையில் ஒருவரும் கொசு என்று சொல்லவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் தங்கை வீட்டுப் பக்கம் போனவர், முட்டை வியாபாரி காளியண்ணன் காலி அட்டைகளை வண்டியில் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"பாதி முட்டை கூட இல்லீங்க" என்றார் காளியண்ணன். "டாக்டரு சீக்கில்லைன்னுட்டாரு. தீவனமும் பழைய தீவனந்தான்."

"கரண்ட்டு சரியா இல்லீங்களே, அதனாலயா இருக்குமோ?" என்றாள் பாவாயி.

"அதெப்படீங்க அம்மிணி? இதே லைன்ல இன்னும் நாலு பண்ணைக்கு நான் போறேன். அங்கெல்லாம் முட்டை கொறையலையே."

சொல்லிவிட்டு அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சாலம்மாள் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பாவாயியும் அந்தப் பக்கம் பார்த்தாள். முட்டை எங்கே போயிற்று என்று அந்த நிமிஷத்திலேயே முடிவாகிவிட்டது.

தங்கசாமி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஊரே படத்தைப் பார்த்துப் பாராட்டுகிறது, இப்போது போய்ச் சொல்வதா?' என்று மனம் முண்டியது. "நேரமாச்சு, வாரேன்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பொங்கல் சாலம்மாளுக்குப் பொங்கலாக இல்லை. வேலை முடிந்து போகும்போது பாவாயி அவள் கூடையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தில் தெரிந்தது. சாலம்மாளின் மருமகளைத் தண்ணீர்க் குழாயடியில் யாரோ "முட்டைக்காரி" என்று கூப்பிட்டார்களாம். சாலம்மாள் நேராகப் பாவாயியிடம் வந்தாள். "வெள்ளிக்கிழமை கருப்பனார் கோயிலுக்கு வாங்க அம்மிணி. சூடத்தை அணைச்சு சத்தியம் பண்றேன்" என்றாள். மடியில் கனமில்லை, அவளுக்கு வழியில் என்ன பயம்?

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னவன் வம்சம் தழைக்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தட்டைப் பிடிக்கப் பெரிய மனுஷர் ஒருவர் வேண்டும். "எங்கண்ணனே புடிக்கட்டும், அவரு ரெண்டு பக்கமும் சாயமாட்டாரு" என்றாள் பாவாயி.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பூசாரி மாதையன் தட்டில் சூடத்தை ஏற்றித் தங்கசாமி கையில் கொடுத்தார். சாலம்மாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, சாமியைத்தான் பார்த்தாள். வலது கையை நீட்டினாள். விரல்களெல்லாம் சுண்ணாம்பும் தீவனமும் பட்டு வெடித்திருந்தன.

தங்கசாமி தட்டைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினார். சுரீரென்றது. எடுக்கவில்லை.

"நாந்தான். பியூஸ் கட்டையைப் புடுங்குனது நாந்தான். சாலம்மா ஒரு முட்டை கூடத் தொடலை. சாமி மேல சத்தியம்."

பாவாயி அழுதே விட்டாள்.

"அண்ணா, உங்க மனசு யாருக்குங்க வரும்! ஒரு கூலிக்காரியைக் காப்பாத்தறதுக்கு உங்க தலையில பழியைப் போட்டுக்கறீங்களே! பொய்ச் சத்தியம் பண்ணாதீங்கண்ணா, உங்களுக்குக் கொழந்தை குட்டி இருக்குது."

"தங்கமான மனுசன்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். காளியண்ணன் கும்பிட்டே விட்டார்.

அவமானம் என்றால் என்னவென்று தங்கசாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டைப் பையிலிருந்து படத்தை உருவித் தங்கையிடம் நீட்டினார்.

"இதைப் பாரு. வால் நட்சத்திரத்தைப் பாக்காத, கீழே பாரு. அது யாரு கொட்டாய்? மணி ஏழுக்கு எடுத்தது. ஒரு பல்பு எரியுதா?"

பாவாயி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கூரை கன்னங்கரேலென்று கிடந்தது. அவள் முகம் மெல்ல மாறியது.

"எத்தனை நாளுங்கண்ணா?"

"மேகம் வெலகற வரைக்கும்."

"மார்கழி முச்சூடுமா?"

பாவாயி படத்தைத் திருப்பித் தரவில்லை, கிழிக்கவும் இல்லை, தட்டில் வைத்தாள். சாலம்மாளிடம் போய், "உன்னைத் தப்பா நெனச்சுப் போட்டேன், மனசுல வெச்சுக்காத. நாளைக்கு வேலைக்கு வா" என்றாள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. சாலம்மாள் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"இன்னொரு சூடம் பத்த வெய்யுங்க" என்றாள் பூசாரியிடம்.

"அதுதான் தெளிவாயிருச்சே சாலம்மா. அவரே ஒத்துக்கிட்டாரே."

"அவரு ஒத்துக்கிட்டா அவரு பாவம் தீரும். நான் திருடலைன்னு அவரு வாயால தெரிய ஓணுமா? என்ற வாயால சொல்லத்தான் நான் வந்தேன்." அவள் தங்கசாமியின் பக்கம் திரும்பினாள். "தட்டை நல்லாப் புடியுங்க சாமி."

மாதையன் படத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு இன்னொரு கட்டிச் சூடத்தை ஏற்றினார். வெந்த கையோடு தங்கசாமி தட்டைப் பிடித்தார். தட்டு ஆடியது, ஆடாமல் நிறுத்த அவரால் முடியவில்லை. சாலம்மாள் ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள், மறு கையால் சூடத்தை அணைத்தாள். "நான் எடுக்கலை" என்றாள். அவ்வளவுதான். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாவாயி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் கொட்டகைக்கு வரவில்லை. பாவாயி தனியாகத் தீவனம் அள்ளிப் போட்டாள். அண்ணன் உதவிக்கு வந்து கூடையில் கை வைத்தபோது, "உடுங்க, நானே பாத்துக்கறேன்" என்றாள்.