தலைமாட்டு ஜன்னல்

"உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு" என்று முப்பது வருஷம் பஸ்ஸில் ஊரையே விரட்டிய கண்டக்டர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மோட்டார் ஹோமை வாங்கி, மனைவியோடு அதிலேயே குடியேறிவிட்டார். சக்கரம் வைத்த வீடு. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் பத்தடி நடைக்குள் அடக்கம். சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடம் கிடையாது.

கட்டிலை ஒட்டிய வெளித்தகட்டில் ஒழுக்கு கண்டு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. "இந்த வாரம் பாத்துடலாம்" என்றே கண்டக்டர் நாளைக் கடத்தினார். கடைசியில் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து மனைவி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நாளை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். கட்டில் ஈரமாக இருந்தால் நேரே மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இன்னும் ஒருத்தர்தான் படுக்கலாம். கண்டக்டர் வண்டியிலேயே தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

மச்சினன் தச்சன். கூப்பிட்ட குரலுக்கு ரம்பத்தோடு வந்து நின்றான். இருவரும் திருகாணிகளைக் கழற்றிப் பழைய தகட்டை முழுசாக உரித்தார்கள். உள்ளே மரச்சட்டம் ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

"மாமா, சட்டம், உள்பலகை எல்லாமே புதுசா அடிக்கணும். நான் மரம் வாங்கிட்டு வர்றேன். நீங்க புதுத் தகட்டுல ஜன்னல் ஓட்டையை மட்டும் வெட்டி வைங்க. பழசை மேல வெச்சுக் கோடு போட்டா போதும்."

"முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச கைடா இது. போயிட்டு வா."

அந்த அளவுத் தகடு, பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. பெயின்ட் கீறிவிடக் கூடாதே என்று கண்டக்டர் போர்வை விரித்து, அதன் நல்ல முகம் கீழே இருக்கும்படி குப்புறப் போட்டார். பழைய தகட்டுக்கு எதற்கு அந்த மரியாதை? அதை மல்லாக்க மேலே வைத்துக் கோடு போட்டு, மயிரிழை பிசகாமல் வெட்டினார். தன் வேலையைத் தானே இரண்டு முறை சுற்றி வந்து மெச்சிக்கொண்டார்.

மச்சினன் வந்து தகட்டை நிமிர்த்திப் பிடித்தான். கால்மாட்டில் இருக்க வேண்டிய ஜன்னல் தலைமாட்டில் இருந்தது.

"மாமா, ஒண்ணு குப்புற, ஒண்ணு மல்லாக்க வெச்சீங்களா?"

"ஆமாப்பா."

"திருப்பியும் போட முடியாதே. பின்னாடி வெயில் தாங்குற பஞ்சு ஒட்டியிருக்கு."

கண்டக்டர் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவளை விழ வெச்சதும் நான்தான். இப்ப வீட்டுக்கு வர விடாம பண்றதும் நான்தான்."

மச்சினன் அந்த ஓட்டை வழியே தலையை நீட்டினான். "சட்டம் இன்னும் அடிக்கவே இல்லையே மாமா. தகட்டுக்கு ஏத்த மாதிரி அடிச்சுட்டாப் போச்சு. எழுந்திரிங்க."

இத்தனை வருஷமாக மரமண்டை என்று கேலி செய்த மச்சினனை அந்த நிமிஷம் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிடவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மாலைக்குள் தகடு ஏறியது. விளிம்புகளில் பசை பூசிக் காயவிட்டு, ஓஸில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஊன்றுகோலோடு வந்த மனைவி மெல்லக் கட்டிலில் சாய்ந்தார். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்தார்.

"ஏங்க, இனி பாதி நாள் படுக்கைதான்னு டாக்டர் சொன்னதும், நான் பயந்தது இங்க இருந்த வெறுஞ்சுவத்துக்குத்தான். பதினோரு வருஷமா இதைப் பாத்துக்கிட்டே தூங்குறேன். யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மச்சினன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சுத்தியலைத் துடைத்தான். ஒரு பொய் கண்டக்டரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியாதும்மா. தகட்டை மாத்தி வெச்சு வெட்டிட்டேன். உன் தம்பிதான் காப்பாத்தினான்."

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க சரியா செஞ்ச எந்த வேலையும் எனக்கு இவ்வளவு ஒத்து வந்ததில்லீங்க."

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டாமல் வெளியே போனவர், பஸ்ஸைத் தட்டிக் கிளப்பிய பழக்கதோஷத்தில் புதுத் தகட்டை இரண்டு தட்டுத் தட்டினார். தலைமாட்டு ஜன்னல் திறந்தது. ஒரு கை நீண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள வாங்க," என்றார் மனைவி. "உள்ள இடம் இருக்கு."