ஆற வைத்த எஞ்சின்

இரண்டு நாளாக விடியற்காலைக் குளிரில் தங்கை வீட்டு டீசல் கார் கிளம்ப மறுத்தது. நாளை ஐந்து மணிக்குத் தங்கையை டயாலிசிஸுக்கு அழைத்துப் போயாக வேண்டும். பகலெல்லாம் அடுத்தவர் வண்டிக்கு அடியில் படுத்து இடுப்பொடிந்த மெக்கானிக், தங்கை கணவர் வாங்கி வந்து நீட்டிய, குளிரில் எஞ்சினைச் சூடேற்றிக் கிளப்பும் ஒற்றை ஹீட்டர் பிளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“ஒண்ணு போனா மத்த மூணும் பின்னாடியே போகும் மாப்ள. நாலையும் மாத்திடுவோம், எங்கிட்ட இருக்கு. எஞ்சின் சூடா இருக்கா?”

“உங்க கை சுடக்கூடாதுன்னு மூணு மணி நேரமா ஆற வச்சிருக்கேன் மச்சான்!”

“கெட்டுது போ! ஆறின எஞ்சின்ல கழட்டினா பிளக் உள்ளேயே முறிஞ்சுக்கும். அப்புறம் நாளைக்கு அவளைத் தோள்லதான் தூக்கிட்டுப் போகணும். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா.”

அப்படியே பெஞ்சில் சாய்ந்தவர் கண் திறந்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது.

“ஒரு ரவுண்டுன்னா ஊரையே சுத்தினியா?”

“அப்பவே வந்துட்டேன். நீங்க குறட்டை விட்டீங்க. எழுப்ப மனசு வரல. எஞ்சினை மட்டும் ஆற விடல.”

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். நான்கு பிளக்கும் முறியாமல் கழன்று வந்தன.