பெரியம்மாவின் வயது

என் மனைவி நடத்தும் குழுவுக்குப் பேர் ‘தலைமாடு’. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இணையக் குழு. மாமனார் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டே ஆரம்பித்தாள். மாமனார் போய்ச் சேர்ந்தார், குழு போகவில்லை. ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க அடுத்தவர் கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவாள். வந்ததும் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்துகொண்டு, முகம் தெரியாதவர்களின் முதுகுப் புண்ணுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். தட்டு கழுவுவது நான். பெண் பார்க்கப் போனபோது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். குழுவில் எல்லோருக்கும் அவள் ‘டாக்டரம்மா’தான். திருத்திப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவளுக்கே அது பிடித்துப்போய்விட்டது என்பது என் சந்தேகம்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. பேர், ஊர், வயது கேட்கக் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. ஒருத்தி, ‘மாமியார் எப்போ போவாங்கன்னு இருக்கு’ என்று எழுதினாள். எழுதிவிட்டு மறுநாள் அதே மாமியாருக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். இரண்டுமே உண்மை. ஆனால் முதலாவதை ஊர் பேரோடு எந்த மருமகளாவது எழுதுவாளா?

இந்தக் குழுவில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆள் ஒருத்தி உண்டு. அவள் தனக்கு வைத்துக்கொண்ட பேர் ‘அம்மாவுக்காக’. மனைவியைப் பார்த்துக்கொள்ளும் லாரிக்காரர் ஒருவர் அவளை ஒருநாள் பெரியம்மா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. படுத்திருப்பது அவளுடைய அம்மா. அம்மாவே படுக்கையில் என்றால் மகளுக்கு எப்படியும் ஐம்பது இருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

பேச்சு அளவோடுதான் இருக்கும். ஆனால் சொன்னால் உள்ளே போய் உட்காரும். லாரிக்காரர் ஒருமுறை, மனைவி சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள், அடிக்கக் கை ஓங்கிவிட்டேன் என்று எழுதினார். என் மனைவி பெரிய விளக்கமாக எதையோ தட்டிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா பதில் போட்டுவிட்டாள். ‘ஊட்டும்போது அவங்க முகத்தையே பாக்காதீங்க. வேற ஏதாவது பேசிட்டே ஊட்டுங்க. பாத்துட்டே இருந்தா அவங்களுக்கு வெக்கமா இருக்கும்.’ என் மனைவி தட்டியதையெல்லாம் அழித்துவிட்டாள்.

அவள் கேட்கும் கேள்விகள் மட்டும் எப்போதும் எடையைப் பற்றியே இருக்கும். அம்மா என்னைவிடக் கனம், தனி ஆளாக எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்படி உட்காரவைப்பது. போர்வையை மடித்து அடியில் விட்டு இழுத்துத் திருப்பும் முறையை என் மனைவி படம் வரைந்து சொல்லிக்கொடுத்தாள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கவும் சொன்னாள். லாரிக்காரர் கிண்டலாக, ‘பெரியம்மா, தினமும் ரெண்டு முட்டை சாப்பிடுங்க, தெம்பு வரும்’ என்றார். ‘முட்டை அம்மாவுக்கு’ என்று பதில் வந்தது. எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். 

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வயது விவகாரம் வந்தது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கென்று இருந்த வேறொரு குழுவில், நாற்பது வயது ஆள் ஒருவன் தானும் பள்ளிக்கூடப் பையன் என்று சொல்லி நுழைந்து, ஒரு சிறுமியோடு தனியாகப் பேசிப் பேசி, வீட்டு விலாசம் வரைக்கும் வாங்கிவிட்டான். பிறகு அந்தப் பிள்ளையை என் மனைவியின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. 

அடுத்து அரசாங்க உத்தரவு. தனியாகச் செய்தி அனுப்பும் வசதி உள்ள பெரியவர்கள் குழு எதுவானாலும், உள்ளே இருப்பவர்களின் வயதைச் சோதிக்க வேண்டும், பதினெட்டுக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. கேமரா முன்னால் முகத்தைக் காட்டினால் கருவியே வயதை மதிப்பிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் குழுவை நடத்துபவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். பார்வைக் கண்ணாடி. என்னிடம் வருபவர்கள் கண்ணைக் காட்டுவார்கள், வயதைச் சொல்லும்போது மட்டும் பொய் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து என்பார்கள். மனிதர்களுக்கு அப்படி ஒரு சின்ன மறைவிடம் வேண்டும் என்பது என் கட்சி. அதைச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“உங்களுக்கு மறைவிடம் வேணும். அந்தப் பிள்ளைய அவன் எங்கேர்ந்து பிடிச்சான்? அந்த மறைவிடத்துலேர்ந்துதான்” என்றாள்.

 கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவிலும் முணுமுணுப்பு. மாமியாருக்குத் தலைவாரியவள், ‘என் மூஞ்சி எங்கேயாவது போய்ச் சேர்ந்தா நான் செத்தேன்’ என்றாள். சிலர் குழுவை விட்டே போகிறோம் என்றார்கள். என் தங்கை கணினி வேலை செய்பவள், குழுவின் தொழில்நுட்பம் எல்லாம் அவள் பொறுப்பு. என் மனைவி அவளிடம் ஒற்றைக்காலில் நின்றாள். சோதித்து முடிந்த நொடியே படம் அழிந்துவிட வேண்டும். வந்த ஆள் குழந்தை என்று தெரிந்தால் படம் மட்டுமல்ல, கணக்கு, எழுதியது, பேசியது, எங்கிருந்து வந்தது என்ற தடம், எல்லாமே போய்விட வேண்டும். ஒரு குழந்தையைப் பற்றிய துரும்புகூட நம்மிடம் மிஞ்சக் கூடாது. தங்கை அப்படியே செய்துகொடுத்தாள்.

அப்படியும் யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் என் மனைவிக்கு அந்த யோசனை வந்தது. பெரியம்மா முதலில் செய்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். தனியாக எழுதிக் கேட்டாள். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, ‘எனக்கு கேமரா முன்னாடி வர்றது பிடிக்காது டாக்டரம்மா. நான் வேணாமே’ என்று வந்தது.

‘நீங்க செஞ்சாதான் மத்தவங்க செய்வாங்க. எனக்காக.’

‘படத்தை யாரும் பாக்க மாட்டாங்கதானே?’

‘மெஷின் மட்டும்தான் பார்க்கும்.’

பொய் சொல்ல வேண்டும் என்று என் மனைவி அப்படிச் சொல்லவில்லை. பெரியம்மாவின் முகத்தில் கருவிக்குச் சந்தேகம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

‘சரி. உங்களுக்காக’ என்று வந்தது. அன்று சாயங்காலமே குழுவில் பெரியம்மா எழுதினாள். ‘நான் பண்ணிட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல. எல்லாரும் பண்ணுங்க.’ ஆட்கள் மளமளவென்று வர ஆரம்பித்தார்கள். லாரிக்காரர், ‘பெரியம்மா சொன்னா சரி’ என்று போட்டுவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்தாராம். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான், தீர்ப்புக்காகக் காத்திருந்த ஒரே ஒரு படத்தைத் திறந்தாள்.

நான் அடுப்படியில் இருந்தேன். “இங்க வாங்களேன்” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

திரையில் ஒரு சிறுமி. பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். தலைமுடியை உச்சியில் கொண்டையாகச் சுருட்டியிருந்தாள். தோளைச் சுற்றிப் பெரியவர்கள் போர்த்தும் சால்வை. முகத்தில் மூக்குக்கண்ணாடி. என் தொழிலே அதுதான், ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. கண்ணாடியின் ஃபிரேம் பெரியவர்களுடையது, அதைத் தாங்க அந்த மூக்கு இன்னும் வளரவில்லை. வழுக்காமல் இருக்க மோவாயைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கனத்த கண்ணாடி வழியாக அவளுக்கு எதிரே ஒன்றுமே தெரிந்திருக்காது. பின்னால் ஒரு கட்டிலின் ஓரம். போர்வைக்கு வெளியே ஒரு கால். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை, குதிகால் மெத்தையில் படவில்லை.

“தலகாணிய எவ்வளவு சரியா வச்சிருக்கா பாருங்க” என்றாள் என் மனைவி. 

திரையின் கீழே இரண்டு பொத்தான்கள். ‘பெரியவர்’, ‘குழந்தை’.

“பெரியவர்னே அழுத்திடு” என்றேன்.

“எப்படிங்க?”

“இத்தனை நாள் இருந்தா. என்ன கெட்டுப்போச்சு?”

“ஒண்ணும் கெடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள நானூறு பேர் இருக்காங்க. ஒருத்தர் மூஞ்சியாவது பார்த்திருக்கோமா? வீட்ல பெரிய ஆள் இல்ல, அம்மா எந்திரிக்க முடியாது, பிள்ளை தனியா இருக்கு. இது எவனாவது ஒருத்தனுக்குத் தெரிஞ்சா?”

“அந்த லாரிக்காரர் நல்ல மனுஷன்.”

“இருக்கலாம். அந்தக் குழுவுலயும் அவனை நல்ல பையன்னுதான் சொன்னாங்க.”

 அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

“குழந்தைன்னு அழுத்திட்டு, உடனே தனியா எழுதுறேன்” என்றாள். “திட்ட மாட்டேன்னு முதல்ல சொல்லணும். அப்புறம் எங்க இருக்கேன்னு கேட்டு, நானே போறேன். இல்லன்னா ஆள் அனுப்புறேன். அவளுக்கு இனிமே இந்தக் குழு வேணாங்க. மனுஷங்க வேணும்.”

அழுத்தினாள்.

படம் போயிற்று. பேர் போயிற்று. ‘இந்தக் கணக்கும் அதற்குரிய எல்லாத் தகவல்களும் நிரந்தரமாக நீக்கப்பட்டன’ என்று ஒரு வரி வந்தது. செய்திப் பெட்டியில் பெரியம்மாவோடு இவள் பேசியதெல்லாம் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. எழுதுவதற்கு ஆள் இல்லை. என் மனைவி அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தங்கையைக் கூப்பிட்டாள்.

“திரும்பக் கொண்டுவா. ஒரே ஒரு நிமிஷம் போதும்.”

“முடியாது அண்ணி. நீங்கதானே துரும்புகூட மிஞ்சக் கூடாதுன்னு சொன்னீங்க?”

“எங்கேயாவது ஒரு நகல் இருக்கும். எல்லாத்துலயும் இருக்கும்னு நீயே சொல்லுவியே.”

 “இதுல இல்ல அண்ணி. நல்லா செஞ்சிருக்கேன்” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் இருவரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் பொறுமையானவர், எங்களை உட்காரவைத்துத்தான் கேட்டார். பேர்? தெரியாது. ஊர்? தெரியாது. இந்த நாடுதானா? அதுவும் தெரியாது. படம் இருக்கிறதா? இல்லை.

“அப்ப என்னதாம்மா தெரியும்?”

“அவங்க அம்மாவுக்கு இடது பக்கம் வராது” என்றாள் என் மனைவி. “கஞ்சிய ஸ்பூன்ல குடுத்தா துப்பிடுவாங்க, டம்ளர்ல குடுத்தா குடிப்பாங்க. அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னு அவ நகத்தை ஒட்ட வெட்டிடுவா.”

அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டார். தகவல் வந்தால் சொல்கிறோம் என்று எங்கள் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார். தகவல் எங்கிருந்து வரும்? அந்தத் தகவல் இருந்த ஒரே இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

திரும்ப வருவாள், வேறு பேரில் வருவாள் என்று என் மனைவி கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். வரவில்லை. வந்தாலும் அதே கேமரா வாசலில் நிறுத்தும். அதைவிட, மெஷின் மட்டும்தான் பார்க்கும் என்று சொன்னவளை நம்பி உட்கார்ந்த பிள்ளை, அன்றைக்கே வெளியே தள்ளப்பட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லாமல். எந்த முகத்தோடு மறுபடி வந்து கதவைத் தட்டுவாள்?

குழுவில் தேட ஆரம்பித்தார்கள். பெரியம்மா எங்கே, பெரியம்மாவைக் காணோமே. ஒரு குழந்தை இருந்தது என்பதை குழுவில் சொல்லக்கூட அந்த அரசாங்க உத்தரவு இடம் கொடுக்காது. என் மனைவி எல்லாவற்றையும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது திடீரென்று வருவதை நிறுத்திவிட்டால், ஏன் என்று தோண்ட மாட்டார்கள். படுக்கை காலியாகிவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். யாராவது ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் வரிசையாக இரங்கல் எழுதுவார்கள். இந்த முறை லாரிக்காரர் ஆரம்பித்தார். ‘அம்மா போயிட்டாங்க போல. பெரியம்மா, நீங்க பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. இனிமேலாவது நல்லா தூங்குங்க.’ கீழே கீழே வந்துகொண்டே இருந்தது. இந்த வயதில் இவ்வளவு உழைத்தீர்களே என்று ஒருவர் எழுதியிருந்தார்.

“அவங்கம்மா உயிரோட இருக்காங்கன்னாவது சொல்லேன்” என்றேன்.

“சொன்னா, அப்ப ஏன் வரலைன்னு கேப்பாங்க. டாக்டரம்மாதான் வெளிய அனுப்பினாங்கன்னு தெரியும். வயசு சோதனையில மாட்டினவ, ஏமாத்துக்காரின்னு பேசுவாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவளைப் பத்தி யாரையும் அப்படிப் பேச விட மாட்டேன். அம்மா செத்துட்டாங்கன்னே நினைக்கட்டும்.”

இரங்கலை முடித்துவைப்பது எப்போதும் டாக்டரம்மாதான். எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நெடுநேரம் விசைகளின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள். ‘அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும். பெரியம்மாவுக்கு நம் எல்லோருடைய அன்பு.’ அனுப்பியும் விட்டாள்.

அனுப்பிய பிறகுதான் பதறிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பிள்ளை இதைப் படிச்சிட மாட்டாளே?”

“மாட்டா” என்றேன். “உள்ளேயே வர முடியாதே.”